தீவு ஏன் மூழ்கியது?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்பது ஏட்டுக் கணக்கு. கீழக்கரைப் பக்கமிருந்த பூவரசன்பட்டி உட்பட இரண்டு இப்போது நீருக்கடியில்.

பவள உயிரிகள் கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கால்சியம் கார்பனேட்டால் கூடு கட்டுகின்றன. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். சும்மா கிடைக்கும் கல்லைச் சுண்ணாம்புச் சூளைக்காரர்கள் விடுவார்களா? பல்லாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்தார்கள். பாறைப் பவளமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்ந்தாலே பெரிது.

தீவைச் சுற்றிப் பவளத் திட்டு இருந்தவரை அலை அதில் மோதி வலுவிழந்தது. அது போனதும் அலை நேரே மணலை அரித்தது. உடைந்த பவளத்திலிருந்து புதுமணல் சேர்வதும் குறைந்தது. உயரும் கடல்மட்டம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. தூத்துக்குடி அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவின் முன்னே 2015 முதல் கான்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். சுண்ணாம்பை எடுத்த கடலுக்குள் சிமென்ட்! அலையின் வேகம் அங்கே தணிந்திருக்கிறது.