கையால் எழுதிய செய்தித்தாள்

ஆம்பூர், வாணியம்பாடி தோல் பட்டறைகளில் தமிழோடு உருதும் காதில் விழும். அந்த உருது மொழியில் சென்னையிலிருந்து வந்த ஒரு மாலை நாளிதழ் பற்றி இப்போது.

பெயர் 'முசல்மான்'. 1927இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கினார். சென்னை காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்த டாக்டர் அன்சாரி திறந்துவைத்தார். திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே சிறிய அலுவலகம். நான்கே பக்கங்கள். ஒவ்வொரு எழுத்தையும் 'காத்திப்' எனப்படும் எழுத்துக் கலைஞர்கள் பேனாவும் மையும் கொண்டு வரைவார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஒரு பக்கம் முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம். பிறகுதான் படமெடுத்து அச்சுக்கு அனுப்புவார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டுவைப்பதும் வழக்கம். கணினி வந்த பிறகும் இந்த முறை தொடர்ந்தது என்பது நெஞ்சை நெகிழ வைக்கிறது.

உரிமை குடும்பத்திலேயே நின்றது. அஸ்மத்துல்லாவுக்குப் பின் மகன் ஃபஸ்லுல்லா. 2008இல் அவர் மறைந்ததும் அவர் மகன் ஆரிஃபுல்லா.

உரிமையாளர் யார் என்பது செய்திக்கு எவ்வளவு முக்கியம்! இதற்கு ரஷ்யாவில் ஓர் எடுத்துக்காட்டு: அங்கே 1999இல் பிறந்த 'லென்டா' இணையச் செய்தித் தளத்தில், 2014 மார்ச்சில் உரிமையாளர் அலெக்சாண்டர் மாமுத், ஆசிரியர் கலினா திம்சென்கோவை நீக்கினார். செய்தியாளர்கள் பலர் உடன் வெளியேறினர். அதே ஆண்டு லாட்வியாவின் ரீகா நகரிலிருந்து 'மெதூசா' என்ற புதிய தளத்தைத் திம்சென்கோ தொடங்கினார்.