உங்கள் கண்ணைப் பார்த்தது யார்?

“போன மாசம்தான் பவர் பார்த்துக் கண்ணாடி மாத்தினேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு.” நாற்பதைத் தாண்டியவர்கள் பலரும் சொல்வது இது. பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பரிசோதிப்பது வேறு. பலகையில் கடைசி வரி எழுத்துகளைத் தடங்கலின்றிப் படிக்கிற கண்ணிலும் கிளாக்கோமா இருக்கலாம். கண் நீர் அழுத்த நோய் எனப்படும் இது பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையை முதலில் பறிக்கும்; நடுப்பார்வை வெகுகாலம் தெளிவாகவே இருக்கும். போன பார்வையைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆகவே, நம் கண்ணைப் பார்ப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டுபவர் ஆப்டீஷியன். எழுதிக் கொடுத்த பவருக்கு ஏற்ப லென்ஸ் வெட்டிப் பொருத்துவது அவர் வேலை. இரு கருவிழிகளுக்கும் இடையிலான தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து லென்ஸின் மையத்தை அங்கே நிறுத்த வேண்டும். புரோகிரசிவ் லென்ஸில் அது கொஞ்சம் விலகினாலும் படி இறங்கும்போது தலை சுற்றும். நுணுக்கமான வேலைதான். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பல்ல.

பவரைக் கணிப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். இதற்கான பட்டப்படிப்பு, பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டுகள். சென்னை சங்கர நேத்ராலயா 1985-லேயே இதற்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கியது. இவர்களை வெறும் ‘மெஷின் ஆபரேட்டர்’களாக நினைப்பது பெரிய அநியாயம். மெஷினில் தாடையை வைத்ததும் அச்சாகி வரும் சீட்டு ஒரு தொடக்கம் மட்டுமே. ரெட்டினோஸ்கோப் என்ற சிறு கருவியை இவர்கள் கையாள்வதைப் பார்க்க வேண்டும். இருட்டறையில் கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அசைப்பார்கள். உள்ளிருந்து திரும்பும் செந்நிற ஒளி கீற்றோடு சேர்ந்து நகர்கிறதா, எதிர்த்திசையில் நகர்கிறதா என்று பார்த்து, லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பவரைக் கணிப்பார்கள். எழுத்தே தெரியாத கைக்குழந்தைக்கும் பவர் சொல்ல முடிவது இப்படித்தான்.

நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட்டின் மதிப்பு, கண்ணாடி எழுதாமல் நிறுத்தும் இடத்தில்தான் தெரியும். “இப்பல்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்” என்று சந்தோஷப்படும் பெரியவர்கள் உண்டு. வெள்ளெழுத்து தானாகச் சரியாவதில்லை. கண்புரை முற்றத் தொடங்கும்போது கிட்டப்பார்வை கூடி அப்படித் தெரியலாம். சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கினாலும் பவர் மாறும். விஷயம் தெரிந்தவர் இங்கே புதுக் கண்ணாடி விற்காமல் டாக்டரிடம் அனுப்புவார்.

அந்த டாக்டர், ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, பெரும்பாலும் மூன்று ஆண்டு எம்.எஸ். படித்த கண் மருத்துவர். நோயை உறுதிசெய்வது, மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் அவர் பொறுப்பு. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்த பிறகு விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்க்கிறாரே, அதுதான் முழுப் பரிசோதனை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இது கட்டாயம். பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டாமல், துணைக்கு ஆளோடு போங்கள்.

“டாக்டர் ரெண்டே நிமிஷம்தான் பார்த்தார், மத்ததெல்லாம் ஒரு பொண்ணுதான் செஞ்சுது” என்று பெரிய கண் மருத்துவமனைகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறோம். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் அமைப்பு வளர்ந்ததே அந்தப் பெண்களால்தான். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள். அளவெடுப்பது முதல் அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுப்பதுவரை அவர்கள் கைவண்ணம். அதனால்தான் டாக்டரின் நேரம் டாக்டரால் மட்டுமே முடிகிற வேலைக்கு மிஞ்சுகிறது.

சில நேரங்களில் இந்த வரிசை எதற்கும் காத்திருக்கக் கூடாது. கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது எல்லாம் விழித்திரை கிழிவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். குழந்தையின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால், முதலில் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு ஓடுங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.