ஆள்கணக்கு நோட்டு யார் கையில்?
மலைத்தோட்டப் பெண்களும் மேற்பார்வைப் பதவியும்



டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் இதுதான். இன்று காலை இந்த அரங்குக்கு வரும் வழியில் அடிவாரத்தில் வண்டிக்காக நின்ற பெண்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். கையில் தூக்குப்போசி, தோளில் மடித்த சாக்கு, தலையில் துண்டு. மேலே எஸ்டேட்டில் அவர்களை எண்ணி, நிரை பிரித்துவிட்டு, சாயங்காலம் பழத்தை எடைபோட்டு நோட்டில் எழுதுகிறவர் மேஸ்திரி. பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எழுதுகிறவர் ஆண். பல ஆண்டுகளாக இந்த மலையில் தொழிலாளர்களைச் சந்தித்து வரும் நாங்கள் கண்ட பெண் மேஸ்திரிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

பெண்கள் தலைமைப் பதவிக்கு வருவது என்றாலே கம்பெனி, வங்கி, ஐ.டி. அலுவலகம் என்றுதான் பேசுகிறோம். 'கண்ணாடிக் கூரை' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். காட்டில் வேலை செய்யும் தலித், பழங்குடிப் பெண்ணுக்கும் பதவி உயர்வு என்ற ஒன்று உண்டு, அது அவளுக்கு மறுக்கப்படுகிறது என்பதை நாமே மறந்துவிடுகிறோம். அந்த மறுப்பு எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் வரலாறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. மலை நிலம் தோட்டமாக மாற மாற, மலையாளிப் பழங்குடியினரும் சமவெளியிலிருந்து வந்த நம் மக்களும் கூலிகளானார்கள். தென்னிந்தியத் தோட்டங்கள் ஆள் சேர்த்தது கங்காணி முறையில். கங்காணி முன்பணம் கொடுப்பான், குடும்பத்தோடு கூட்டி வருவான், அவனே வேலையும் வாங்குவான், தலைக்கு இவ்வளவு என்று காசும் பெறுவான். கடன் புருஷன் பேரில் இருக்கும், உழைப்பு வீட்டிலுள்ள எல்லோருடையதுமாக இருக்கும். அந்தக் கணக்கில் பெண் தனி ஆளாக வரவில்லை, ஒரு குடும்பத்தின் பாதி ஆளாக வந்தாள். கங்காணி முறை ஒழிந்த பிறகும், வேலை வாங்குகிறவன் ஆண், வேலை செய்கிறவள் பெண் என்ற ஏற்பாடு ஒழியவில்லை.

இன்று இது மூன்று வழிகளில் நடக்கிறது.

முதல் வழி, வேலைக்குப் பெயர் வைப்பது. பறிப்பு, களையெடுப்பு, களத்தில் காய வைப்பது ஆகியவை 'லேசான வேலை', அதனால் பெண் வேலை. கவாத்து, மருந்தடிப்பு, நிழல் மரக்கிளை கழிப்பது, பழத்தோல் உரிக்கும் மெஷின் ஆகியவை 'தெரிஞ்ச வேலை', அதனால் ஆண் வேலை. மேஸ்திரியை எடுப்பது இந்த இரண்டாவது வரிசையிலிருந்துதான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 1987இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பதவி உயர்விலும் பயிற்சியிலும்கூடப் பாகுபாடு கூடாது என்று சேர்க்கப்பட்டது. வேலையையே இரண்டாகப் பிரித்துவிட்டால் 'ஒரே வேலை' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

இரண்டாவது வழி, வேலை நேரத்துக்கு வெளியே உள்ள நேரம். மேஸ்திரி விடியுமுன் வர வேண்டும், இருட்டிய பிறகு கணக்கு ஒப்படைக்க வேண்டும், பழம் திருட்டுப்போகாமல் காவலும் பார்க்க வேண்டும். கடைசி வண்டியைப் பிடித்து அடிவாரம் இறங்கி, தண்ணீர் பிடித்து, சோறாக்க வேண்டிய பெண்ணால் இது முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். முடியாமல் செய்வது அந்த வேலையா, வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளாத வேலையா என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது வழி சாதி. நாங்கள் அறிந்த அக்கா ஒருவர் ஓர் எஸ்டேட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எந்தச் செடியில் எப்போது பழுக்கும், எங்கே தண்டுத்துளைப்பான் விழுந்திருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்வார். புதிதாக வந்த இருபத்தைந்து வயது மேஸ்திரிக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "ஏங்க்கா, உங்களை ஏன் போடல?" என்று கேட்டோம். "நாஞ் சொன்னா மத்தவங்க கேப்பாங்களாம்மா? மேஸ்திரின்னா ஆபீசுக்குள்ள போகோணும், ரைட்டரம்மா வீட்டுப் பக்கம் போகோணும். நம்மள அங்க விடுவாங்களா?" என்றார். படிப்பில்லை என்று நிர்வாகம் சொன்ன காரணத்தை அவர் ஒரு பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

மேஸ்திரி பதவி கூலியில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அப்படி அல்ல. எடையைக் குறைத்து எழுதுவதும், நாளைக்கு வரவேண்டாம் என்பதும், யாரைத் தனியாக எந்தக் காட்டுக்கு அனுப்புவது என்பதும் அந்த நோட்டை வைத்திருப்பவர் முடிவு. பாலியல் தொல்லையின் வேரும் அங்கேதான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். அதன் தலைவர் அந்த நிறுவனத்தில் உயர்நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். உயர்நிலையில் பெண்ணையே வைக்காத தோட்டத்தில் அந்தத் தலைவர் எங்கிருந்து வருவார்? வேறு இடத்திலிருந்து ஒருவரை நியமிக்கலாம் என்று சட்டம் வழி சொல்கிறது. வெளியிலிருந்து வருபவருக்கு அந்தக் காடும் தெரியாது, அந்த மேஸ்திரியையும் தெரியாது.

சட்டம் உச்சியில் பெண்ணுக்கு இடம் வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்கிறது. அரசியலிலும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்தது. ஏற்காடு தொகுதியிலேயே 2013 இடைத்தேர்தலில் சரோஜாவும், 2016லும் 2021லும் சித்ராவும் வென்று சட்டமன்றம் போனார்கள். இயக்குநர் குழுவுக்கும் கூலிக்கும் நடுவே உள்ள படிகளில்தான் எந்த ஒதுக்கீடும் இல்லை. நாட்டில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமை பேசுகிறோம். அவர்களில் எத்தனை பேர் சூப்பர்வைசர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பதவி கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பின்னால் ஓர் அமைப்பு இல்லாவிட்டால் பதவி இருந்தும் உட்கார நாற்காலி கிடைக்காது.

அமைப்பாகத் திரண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பாடங்கள் உண்டு.

ஒன்று, மூணாறு. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசும் பெண்கள், அவர்களில் கணிசமானோர் தலித்துகள். கோமதி, லிசி சன்னி போன்றவர்கள் முன்னே நின்றார்கள். நிர்வாகத்தோடு சேர்த்து, தங்கள் பேரில் பேசிக்கொண்டிருந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒன்பது நாளில் 20 விழுக்காடு பெற்றார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற அந்த இயக்கம் பின்னர் பிளவுபட்டது உண்மைதான். தலைமை தாங்கத் தெரியாதவர்கள் என்று அந்தப் பெண்களை இனி யாரும் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

மற்றொன்று, திண்டுக்கல். 2021 ஜனவரியில் நாச்சி அப்பாரல்ஸ் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். திவ்யராகினி தலைமையிலான, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யூ. சங்கம் அந்தச் சாவை ஒரு குடும்பத்தின் துக்கமாக விட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் தத்தம் ஒப்பந்தங்களால் அதற்குக் கட்டுப்பட்டன. அதன் முக்கியமான ஏற்பாடு இது: தொழிலாளிகளில் இருபத்தைந்து பேருக்கு ஒருவரைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும். அவர் லைனிலேயே நின்று தொல்லைகளைக் கவனித்துப் புகார் எடுத்துச் செல்வார். மேற்பார்வையாளரை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு, அதே லைனில் தைக்கும் பெண்ணின் கைக்கு வந்தது.

இவை இரண்டும் அண்ணல் காட்டிய பாதையிலிருந்து விலகியவை அல்ல. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். 1942 முதல் 1946 வரை வைசிராய் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர். 1942இல் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாகச் சொன்னார். தோட்டப் பெண்களுக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது துறை அமைச்சராக இருந்தவரும் நம்மவர்தான், ஜெகஜீவன்ராம்.

அந்த அளவுகோலால் நம்மையும் அளக்க வேண்டும். நம் அமைப்புகளில் மேடையில் எத்தனை பெண்கள், பாய் விரிக்கவும் டீ கொடுக்கவும் எத்தனை பெண்கள்? மகளிர் அணிக்குப் பொறுப்பாளர் உண்டு, கணக்கு வழக்கைப் பார்க்கும் பொருளாளர் பெண்ணா? எஸ்டேட் முதலாளியிடம் கேட்கும் கேள்வியை நம் செயற்குழுவிடமும் கேட்காவிட்டால் அந்தக் கேள்விக்குப் பலம் இல்லை.

நாங்கள் முன்வைப்பது மூன்று கோரிக்கைகள். ஒவ்வொரு எஸ்டேட்டிலும் கவாத்து, மெஷின், கணக்கு வேலைகளில் பெண்களுக்குப் பயிற்சி வேண்டும். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் மேஸ்திரிகளில் பாதிப் பேர் அவர்களிலிருந்தே வர வேண்டும். சாயங்கால எடையைத் தொழிலாளர் சார்பில் ஒரு பெண் உடனிருந்து சரிபார்க்க வேண்டும். மூன்றாவதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

மாணவத் தோழர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள். நாளைக் காலை அடிவாரத்தில் அந்த வண்டியில் ஏறுங்கள். பறிக்கிற கைகளையும் எழுதுகிற கையையும் எண்ணிக்கொண்டு வாருங்கள். மிச்சத்தைச் சேர்ந்து பேசுவோம்.

ஜெய்பீம்.