கம்பைலரைப் புதுப்பித்ததும் லைப்ரரி ஏன் பில்ட் ஆவதில்லை?

கோடில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. கம்பைலரை மட்டும்தான் புதுப்பித்தோம். ஆனாலும் பில்ட் பாதியில் நிற்கிறது. ஏன்?

2020 மே மாதம் வந்த ஜிசிசி 10 கம்பைலர் இதற்கு நல்ல உதாரணம். பழைய சி லைப்ரரிகள் பலவற்றில் ஹெடர் ஃபைலுக்குள்ளேயே ‘இன்ட் கவுன்ட்;’ என்று ஒரு குளோபல் மாறி இருக்கும். அந்த ஹெடரைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு சி ஃபைலிலும் அது தனித்தனியாக உருவாகும். முன்பெல்லாம் லிங்கர் இவற்றைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். தற்செயலாக ஒரே பெயர் வாய்த்த இரு வேறு மாறிகளும் இப்படி ஒன்றாகி, பிடிபடாத பிழைகளைத் தந்தன. இப்படி ஒன்றாவதைத் தடுக்கும் ‘-எஃப்நோ-காமன்’ என்ற ஆப்ஷனையே ஜிசிசி 10 இயல்புநிலை ஆக்கியது. இப்போது லிங்கர் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.

எப்படிச் சரிசெய்வது? மாறியின் பெயரும் அது இடம்பெற்ற ஃபைல்களும் பிழைச்செய்தியிலேயே இருக்கும். ஹெடரில் அந்த வரிக்கு முன்னால் ‘எக்ஸ்டர்ன்’ சேருங்கள்; ‘இன்ட் கவுன்ட்;’ என்பதை ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் எழுதுங்கள். அவசரத்துக்கு ‘-எஃப்காமன்’ கொடுத்தால் பில்ட் முடியும். ஆனால் பிழை உள்ளேயே இருக்கும். திருத்தத்தை லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்புங்கள்; அடுத்தவர் இதே இடத்தில் திண்டாட வேண்டியிருக்காது.