கட்-ஆஃப் மயக்கம்

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்ததும் வருஷந்தோறும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த மார்க்குக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்பதே அது. கிண்டியில் கிடைக்குமா, கோயமுத்தூரில் கிடைக்குமா என்று தகப்பன்மார்கள் கண்டவரையெல்லாம் வினவுகிறார்கள். கண்டவரெல்லாம் விடையும் கூறுகிறார்கள். அவர்களில் பலருக்கு விஷயம் தெரியாது. தெரிந்த சிலருக்கோ அதில் சுயலாபம் உண்டு. ஆகவே இதைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது நமது கடமை எனக் கருதுகிறோம்.

கணக்கு எளிது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 ஆக 200 மார்க்குக்கு மாணவரின் தகுதி நிர்ணயிக்கப்படுகிறது. 2007 முதல் தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. மார்க்கு சமமானால் முதலில் கணிதமும் பிறகு பௌதிகமும் பார்க்கப்படும். இவ்விதம் ராங்க் பட்டியல் தயாராகி, அந்த வரிசைப்படியே இடங்கள் வழங்கப்படுகின்றன. ஜனங்கள் அஞ்சும் 'கட்-ஆஃப்' யாதெனில், கடைசி இடத்தைப் பெற்ற மாணவரின் மார்க்கேயாகும். அது வாசலில் முன்கூட்டியே நட்டு வைத்த அளவுகோல் அன்று. கதவு சாத்திய பிறகு தெரியவரும் சங்கதி.

ஆதலின் சென்ற வருஷத்து மார்க்கைக் கொண்டு இவ்வருஷத்து மாணவரின் கதியைத் தீர்மானிப்பது பெரும் பிழை. 200க்கு 200 பெற்றவர்கள் 2023-ல் 102 பேர். 2024-ல் 65 பேர். 2025-ல் 144 பேர். மார்க்கு ஒன்றே, அதன் மதிப்போ வருஷத்துக்கு வருஷம் வேறு. 2021-ல் பொதுப் பரீட்சையே நடைபெறாமல், முந்திய வகுப்புகளின் மார்க்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒப்பிடத் தக்கது மார்க்கு அல்ல, ராங்க். அதுவும் பொது ராங்க் மட்டும் போதாது. நூற்றுக்கு 31 இடங்கள் எல்லோருக்கும் பொது; 69 இடங்கள் வகுப்புவாரி ஒதுக்கீடு. அரசாங்கப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடும் உண்டு. எனவே ஒரே கலாசாலையில் ஒரே படிப்புக்கே பல கடைசி ராங்குகள் உள்ளன. தமக்கு உரியது எது என்று அறியாமல், அடுத்த வீட்டுப் பையனின் கணக்கைத் தம் கணக்காகக் கொள்வது வீண் பிரமை.

இதைவிடப் பரிதாபமான பிழை மற்றொன்று உண்டு. "கிண்டி நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது? அதை முதலில் எழுதினால் உள்ளதும் போய்விடும்" என்று அஞ்சி, கிட்டக்கூடியதை மேலேயும் விரும்பியதைக் கீழேயும் எழுதும் மாணவர் அநேகர். சிலர் விரும்பியதை எழுதுவதே இல்லை. இந்த அச்சத்துக்கு ஆதாரம் யாதொன்றும் இல்லை. ஒரு மாணவரின் முறை வரும்போது அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாயுள்ள முதல் இடத்தை அளிக்கிறார்கள். மேலே எழுதியது கிட்டாமற் போனால் கீழே எழுதியது அதனால் கெடுவதில்லை. ஆனால் கீழானதை மேலே எழுதியவருக்கு அதுவே கிடைக்கும். அவர் ராங்குக்கு மேலானது காலியாக இருந்தபோதிலும் பயனில்லை. ஆகவே ஆசைப்பட்டதை முதலிலும், கிட்டக்கூடியதை நடுவிலும், நிச்சயமானதைக் கடைசியிலும் தாராளமாக எழுத வேண்டும். நாலைந்து பெயரோடு நிறுத்துவதுதான் ஆபத்து.

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வீட்டில் ஆள் உண்டு. தன் குலத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாசல் மிதிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் யார் சொல்வார்? அங்கேதான் தரகர் நுழைகிறார். ராங்க் பட்டியல் வெளிவருமுன்பே, "உனக்குக் கிடைக்காது, இன்றே முன்பணம் கட்டு" என்கிறார். தகப்பன் நிலத்தை அடமானம் வைக்கிறான். நியாயமாகக் கிடைத்திருக்கக் கூடிய இடம் வேறொருவருக்குப் போகிறது. நூறு வருஷம் போராடி வாங்கிய உரிமை ஒரு வாரத்துப் பயத்தில் கைநழுவுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

முந்திய வருஷங்களின் கடைசி மார்க்கும் ராங்கும் வகுப்புவாரியாக அதிகாரிகளாலேயே வெளியிடப்படுகின்றன. இல்லாதது விவரம் அன்று. அதை வாசித்துக் காட்டும் மனிதர். ஊர்தோறும் நூல்நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ விஷயமறிந்த இளைஞர் இருவர் கவுன்சிலிங் நாட்களில் மாலைதோறும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். மேடைப் பிரசங்கங்கள் பத்தைவிட இந்த ஊழியம் மேலானது என்று துணிந்து கூறுவோம்.