வாசலில் உட்கார்ந்த பாட்டி

வீட்டுக்குள் நின்றுகொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படம் எடுத்திருக்கிறீர்களா? முகம் தெரிந்தால் தெரு வெள்ளையாக வெளுத்துப்போகும். தெரு தெரிந்தால் பாட்டி வெறும் கறுப்பு நிழல்! நம் கண்ணுக்கு இரண்டும் தெரிகிறதே, கேமராவுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

கேமராவின் சென்சாரை, மழையில் வரிசையாக வைத்த குட்டிக் குட்டிக் குடங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம்தான் மழை. குடம் நிரம்பிவிட்டால், அதன்பிறகு தூறலா, அடைமழையா என்று அதற்குத் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை! இருட்டிலோ, உள்ளே விழுந்தது மழைத்துளியா, குடத்தில் ஏற்கெனவே இருந்த ஈரமா என்றே புரியாது. இருட்டான படங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதனால்தான்.

இந்த ஈரத்துக்கும் வழிதலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் டைனமிக் ரேஞ்ச். பெரிய கேமராவில் குடமும் பெரிது, அதனால் இடைவெளியும் பொதுவாக அதிகம். வழிந்துபோனதை மீட்கவே முடியாது. இருட்டில் கிடப்பதையாவது கொஞ்சம் தூக்கிவிடலாம். அதனால்தான் இதுபோன்ற காட்சிகளில் அனுபவப்பட்ட புகைப்படக்காரர்கள் பலர் படத்தைச் சற்று இருட்டாகவே எடுத்துவைப்பார்கள்.

செல்போனில் குடம் ரொம்பச் சின்னது. ஆனால் அது கெட்டிக்காரத்தனம் செய்கிறது. எச்.டி.ஆர். முறையில், கண்மூடித் திறப்பதற்குள் பல படங்களை எடுத்து, தெருவை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து ஒட்டிவிடுகிறது.

அந்த நேரம் பார்த்து பாட்டி தலையைத் திருப்பிவிட்டால்தான் சிக்கல்!