கேட்பார் உள்ள பொருள்: ஒளித்துவைக்கும் டப்பாக்கள் பற்றிச் சில குறிப்புகள்

பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் அடிக்கடி காதில் விழுகிற வாசகம், ‘கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள்’ என்பது. இந்தக் ‘கேட்பாரற்று’ என்கிற சொல்லை நாம் நின்று யோசிப்பதில்லை. பொருளுக்குச் சொந்தக்காரர் உண்டா என்று அந்தச் சொல் கேட்கவில்லை. அதை வந்து விசாரிக்க ஆள் உண்டா என்று கேட்கிறது. உடைமை வேறு, கேட்பார் இருத்தல் வேறு. உடைமை பற்றியும் அதற்குள் ஒளிந்திருக்கும் அதிகாரம் பற்றியும் சிறுபத்திரிகைகளில் நாம் நிறையவே எழுதியாயிற்று. பராமரிப்பு பற்றி எழுதியது ரொம்பக் குறைவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க எனக்குக் கிடைத்த உதாரணம், கொஞ்சம் விநோதமாக, ஒரு விளையாட்டு.

ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் ஒரு பட்டியலில் வெளியிடுகிறார். மற்றவர்கள் செல்போனையோ ஜி.பி.எஸ். கருவியையோ வைத்துத் தேடிப்போகிறார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கிற குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருகிறார்கள். அவ்வளவுதான் ஆட்டம். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது.

இதன் பிறப்பில் ஒரு ராணுவ சமாச்சாரம் இருக்கிறது. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் தனக்காக உண்டாக்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரைக்கும் இடம் தப்பும். 2000 மே 2ஆம் தேதி இந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் என்கிற ஊருக்குப் பக்கத்தில், டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணுக்குள் இறக்கி வைத்து, எண்களை வெளியிட்டார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ் என்று சில்லறைச் சாமான்கள். எதையாவது எடுத்தால் பதிலுக்கு எதையாவது வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று உலகம் பூராவும் இப்படி முப்பது லட்சத்துக்கு மேல் டப்பாக்கள் இருக்கின்றன. இந்தியாவில் சொற்பம்.

எடுத்தால் வைக்க வேண்டும் என்றதும் நமக்கு மார்ஸெல் மோஸ் நினைவுக்கு வருவார். கொடை பற்றி 1925இல் வந்த அவருடைய நீண்ட கட்டுரை கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்று மூன்று கடமைகளைப் பேசுகிறது. ஆனால் ஆட்டம் போகிற போக்கைப் பார்த்தால் பண்டமாற்று ஓரத்துக்குப் போய்விட்டது. பல டப்பாக்களில் சாமான் வைக்க இடமே இல்லை. நடுவே நிற்பது நான்காவது கடமை ஒன்று, காத்தல்.

1. செய்தல்

டப்பாவுக்குள் தண்ணீர் புகக் கூடாது என்பது முதல் நிபந்தனை. மேலைநாடுகளில் பழைய தோட்டாப் பெட்டி இதற்குப் பேர்போனது. இரும்பில் செய்தது, மூடியில் ரப்பர் வளையம், கொக்கி போட்டு இறுக்கலாம். யுத்தத்தின் மிச்சம் விளையாட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. நடுத்தர அளவுக்கு நாலு பக்கமும் கிளிப் வைத்த சாப்பாட்டு டப்பா. சின்னதற்கு, முன்பு போட்டோ பிலிம் சுருள் வந்த குப்பி. அதைவிடச் சின்னது விரல்நுனி அளவு, காந்தம் ஒட்டியது. சுருட்டிய சீட்டு மட்டும்தான் உள்ளே போகும்.

குறிப்பேடு கட்டாயம். அதை ஜிப் கவரில் போட்டு, ஈரம் இழுக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று சேர்ப்பது நல்லது. பேனாவைவிடப் பென்சில் மேல், மை கரைந்துவிடும். தின்பண்டம் ஆகாது, எலியும் அணிலும் மோப்பம் பிடித்து டப்பாவையே கடித்துவிடும். புதைக்கக் கூடாது. அல்மர் செய்ததை இன்றைய விதி அனுமதிப்பதில்லை, தேடுகிறவர்கள் மண்வெட்டியோடு கிளம்பினால் இடம் என்னவாகும்? ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். வெளிப்பக்கம் இது இன்ன பொருள் என்று எழுதியிருப்பது நல்லது. அது இல்லாமல் வெடிகுண்டு நிபுணர்கள் வந்துசேர்ந்த கதை பல நாடுகளில் உண்டு.

செட்டிநாட்டுச் சூழலில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். ரப்பர் வளையம் தளர்ந்த டப்பா ஐப்பசி மழையில் குட்டி ஊருணி ஆகிவிடும். மரப்பெட்டி என்றால் கரையான் விடாது. கல்லிடுக்கில் வைத்தால் தேளும் கூடவே குடிவரும். ஆக, எவ்வளவு நன்றாகச் செய்தாலும் டப்பா தானாக நிலைக்காது. யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

2. மராமத்து

டப்பாவை ஒளித்தவர்தான் உடைமையாளர். ஆனால் அந்த உடைமைக்குள் இருப்பது வேலை மட்டும்தான். விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. தேடிவந்தவர் ‘குறிப்பேடு நனைந்துவிட்டது’, ‘மூடி விரிசல்’ என்று பட்டியலில் பதிந்தால் உடைமையாளர் நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டும். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, அவர் அசையவில்லையென்றால், சம்பளம் வாங்காத தொண்டர்களாக இருக்கிற மேற்பார்வையாளர்கள் அந்தப் பதிவை மூடிவிடுவார்கள். விடுமுறைக்குப் போன ஊரில் ஒளித்துவிட்டு வருவதும் பொதுவாகச் செல்லாது. அடிக்கடி போய்ப் பார்க்க என்ன வழி என்று காட்டினால்தான் பதிவு கிடைக்கும்.

இன்னொரு வழக்கம் யோசிக்க வைக்கிறது. தேடிக் கிடைக்காத ஒருவர், தன் கையிலிருந்து புது டப்பா ஒன்றை அங்கே போட்டுவிட்டு, ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதிக்கொள்வது உண்டு. உதவி மாதிரித் தெரியும், ஆட்டக்காரர்கள் இதை மதிப்பதில்லை. பழைய டப்பா பக்கத்திலேயே எங்காவது கிடக்கலாம். புதியதற்கு யார் பொறுப்பு? கேட்பாரற்ற பொருள் ரெண்டாகிவிடுகிறது.

சட்டத்தின் பார்வை இதற்கு நேர்மாறானது. பிரிட்டிஷ் அரசு 1878இல் போட்ட புதையல் சட்டத்தின்படி மண்ணிலோ மண்ணோடு பிணைந்ததிலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒளித்து நூறு வருஷம் தாண்டவில்லையென்றால் ஒளித்தவர் வழியில் யாராவது உரிமை கோரலாம். உரிமையாளர் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். மரப்பொந்தில் இருக்கிற சாப்பாட்டு டப்பாவை இந்தச் சட்டத்தில் பொருத்திப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் கவனியுங்கள், ஒளித்தவர், கண்டவர், நிலத்துக்காரர், அரசு என்று எல்லாருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பார்த்துக்கொண்டவருக்கு இல்லை.

நமக்கு மராமத்து புதுசா என்றால் இல்லை. சிவகங்கைச் சீமை கண்மாய்ச் சீமை. குடிமராமத்து என்ற சொல்லை 2017இல் தமிழக அரசு மறுபடி எடுத்து ஒரு திட்டத்துக்குப் பெயராக வைத்தது. அந்தச் சொல்லைச் சொன்னவுடன் ஊரே கூடி உழைத்த பொற்காலம் ஒன்று மனசில் விரிகிறது. அந்தக் கதையாடலைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். 1858இல் சென்னை மாகாணத்தில் இந்த வேலைக்கென்று போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். பல ஊர்களில் மடையும் கரையும் காத்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீர்ப் பங்கீட்டில் பேச்சில்லாதவர்களும் அவர்கள்தான். காக்கிற கை ஒன்று, உரிமை கொண்டாடுகிற கை வேறு. டப்பா ஆட்டத்தின் விதி இந்த ரெண்டு கைகளையும் ஒன்றாக்கப் பார்க்கிறது என்பதுதான் என்னை ஈர்த்தது.

முழுக்க ஒன்றாக்கிவிட்டதா? இல்லை. பட்டியல் ஸியாட்டில் நகரத்தில் இருக்கிற ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து. டப்பா வாங்குவது, ஒளிப்பது, பழுது பார்ப்பது, மேற்பார்வையிடுவது எல்லாம் கூலியில்லாத உழைப்பு. சந்தா வருமானம் நிறுவனத்துக்கு.

3. தத்து

ஊரைவிட்டுப் போகிறார், வயசாகிவிட்டது, அலுத்துவிட்டது. அப்போது உடைமையாளருக்கு ரெண்டு வழி. போய் டப்பாவை எடுத்துவிட்டுப் பதிவை மூடலாம். அல்லது தத்துக் கொடுக்கலாம். ஆட்டத்தில் புழங்குகிற சொல்லே அதுதான். கொடுப்பவர் முன்வர வேண்டும், ஏற்பவர் சம்மதிக்க வேண்டும். அவர் சம்மதமில்லாமல் நிறுவனம் தூக்கி இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. டப்பாவின் எண்ணும் இதுவரை வந்தவர்களின் பதிவுகளும் அப்படியே தொடரும். மூடின பதிவைத் தத்தெடுக்க முடியாது.

நகரத்தார் வீடுகளில் இதைப் ‘பிள்ளை கூட்டுதல்’ என்பார்கள். வாரிசு இல்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டும்போது சொத்து கைமாறுவதுதான் வெளியே தெரியும். கூடவே கைமாறுவது கடமை, அதில் முக்கியமானது முன்னோருக்கான படைப்பு. படைப்பு வீட்டில் ஒரு பேழை இருக்கும். சாமிக்கு வைத்த சேலையும் வேட்டியும் அதற்குள். அடுத்த படைப்பில் பழசை எடுத்துப் பங்காளிகளுக்குள் கொடுத்துப் புதுசை வைப்பார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும். எடுத்தால் வைக்க வேண்டும் என்கிற டப்பா இங்கே எப்போதோ இருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவரிடம், “பூட்டியே கெடக்குற பேழைக்கு என்ன ஆச்சி பாதுகாப்பு?” என்று கேட்டேன்.

“பூட்டு என்ன தம்பி பூட்டு. தொறந்து பாக்குறமே, அதுதான் பாதுகாப்பு. ஒருதரம் விட்டுட்டா பூச்சி அரிச்சுப்புடும். சேலையும் போச்சு, முறையும் போச்சு.”

இதைக் கேட்டு உருகிவிடவும் கூடாது. முறை வருவது ஆண்வழிப் புள்ளிகளுக்கு. தூசி தட்டுவதும் படையலுக்குச் சமைப்பதும் பெண்கள்.

பேழையைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் தன் வீட்டில் சேர்த்து, பூச்சி அரிக்காமல் காத்தவர். 1992இல் இறந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்தது. அதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ் அச்சின் நினைவைத் தத்தெடுக்க முதலில் கை நீட்டியது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்பது நாம் கூசவேண்டிய விஷயம்.

4. யாருக்கு மறைவு?

ஆட்டம் தெரியாதவர்களை ஆட்டக்காரர்கள் ‘மகிள்’ என்பார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாத சாதாரண ஜனங்களுக்கான சொல். அவர்கள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பொட்டலில் இந்த ‘மகிள்’ யார்? ஆடு மேய்க்கிற பையன், விறகு பொறுக்குகிற அம்மா. அவர்கள் கண்ணுக்குத் தப்பி அங்கே ஒரு கல் இடம் மாறாது. செயற்கைக்கோள் சொல்லித் தெரிந்துகொள்கிறவரைவிட அந்த இடம் அவர்களுக்குத்தான் அத்துபடி. பாலத்தடியில் அந்தி நேரத்தில் கையை விட்டுத் துழாவுகிற ஆள் ஜீன்ஸ் போட்ட சுற்றுலாப் பயணியாக இருந்தால் ஊர் விசாரிக்கும். சேரிப் பையனாக இருந்தால் அடித்துவிட்டு விசாரிக்கும். பொதுவெளி என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொது இல்லை. இங்கே ஒருவர் டப்பா வைப்பதானால், அனுமதி கேட்கவேண்டிய பட்டியலில் நிலத்துக்காரரோடு அந்த ஆடு மேய்க்கிற பையனும் உண்டு. அவனுக்குத் தெரிந்தே வைக்கட்டும். பார்த்துக்கொள்ள அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்?

சிறுபத்திரிகை நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஒவ்வொருவர் பரணிலும் நின்றுபோன இதழ்கள், கடிதங்கள், துண்டறிக்கைகள், போராட்டப் புகைப்படங்கள் கிடக்கின்றன. நாம் போனபிறகு அவை பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போகும். இதைப் பலமுறை பார்த்துவிட்டோம். உயிரோடு இருக்கும்போதே, இன்னார் ஏற்கிறார் என்று சம்மதம் வாங்கி, என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, வருஷத்துக்கு ஒருதரம் அவரையும் கூட்டிவைத்துத் திறந்து பார்ப்போம்.